படிக்கத் தெரியாத எழுத்தைப் படமெடுத்தவர்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டியதை அவ்வளவு உருகி எழுதியிருந்தீர்கள். நான் பிறந்து வளர்ந்தது அந்தக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். கட்டடக்கலை படித்துவிட்டு, நான்கு வருடமாகக் கட்டடங்களைப் படமெடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதத் தோன்றியது.

எனக்கு மூன்று வருத்தங்கள். ட்ரைப் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி. 1857 கிளர்ச்சி அடங்குவதற்குள் இங்கே வந்து நம் கோயில்களைப் படமெடுக்கிறார். பிடித்த நாட்டுக்குச் சொத்துப் பட்டியல் போடும் வேலைதானே அது? அடுத்தது, அவர் படங்களில் மனிதர்கள் ஏறக்குறைய இல்லை. மதுரை மாதிரி ஊரில் ஆளே இல்லாத மண்டபமா? மூன்றாவது, வானத்தில் மேகங்களைத் தூரிகையால் வரைந்து சேர்த்திருக்கிறார் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் எப்படி அதை ஆவணம் என்கிறீர்கள்?

கடைசியாக என் சொந்தக் கேள்வி. என்னிடம் வருகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆளில்லாத கூடம், நீல வானம், சுவரில் ஒரு கறைகூட இருக்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் குடிபோவதற்கு முந்தின நாள் போய்ப் படமெடுத்துவிட்டு வருகிறேன். சில நாள் கேமராவை எடுக்கவே பிடிக்கவில்லை. ஒரு கட்டடத்தைப் படமெடுப்பதில் ஒரு ஆயுளைச் செலவிடும் அளவுக்கு ஏதாவது இருக்கிறதா?

அன்புடன்,
ர.,
தஞ்சாவூர்

---

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் எழுத முடியாததற்குக் காரணம், முதல் வருத்தத்தில் நீங்கள் சொல்வது சரி என்பதுதான். நான் எழுதாமல் விட்ட ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

தஞ்சையின் கடைசி மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அரசைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதோடு நிற்காமல் அரண்மனையில் இருந்த குடும்பச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. மூத்த அரசி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். சென்னை உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் 1859இல் மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், நீதிமன்றம் இதில் தலையிட முடியாது என்று சொல்லி அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. ட்ரைப் தஞ்சாவூரில் முக்காலியை ஊன்றிய 1858, அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலம். அரண்மனைக்குள் பெண்கள் தங்கள் நகைக்காக வழக்காடிக்கொண்டிருக்க, பெரிய கோயிலில் கம்பெனியின் சம்பளத்தில் ஒருவர் கல்வெட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். வைக்காதது என் தவறு.

ஆனால் ‘சொத்துப் பட்டியல்’ என்று நீங்கள் எழுதிய இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ட்ரைப் படமெடுத்த அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நான் கொடுத்ததும், அக்கன் கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் சொன்னதுதான் அதன் தொடக்கம். பிறகு வரி வரியாகப் பொருள்கள். பொன் எத்தனை கழஞ்சு, முத்து எத்தனை, செப்புத் திருமேனி எத்தனை முழம் எத்தனை விரல் உயரம் என்று அளந்து அளந்து எழுதியிருக்கிறார்கள். அதுவும் பட்டியல்தான். அதில் உள்ள பொன்னில் ஒரு பகுதி போரில் தோற்றவர்களிடமிருந்து வந்தது என்பதையும் அந்தக் கல்லே மறைக்காமல் சொல்கிறது. ஆனாலும் ஆயிரம் வருடம் கழித்து அந்தப் பட்டியலை நாம் அரசனுக்காகப் படிப்பதில்லை. அந்தக் காலத்தில் ஒரு விரல் என்பது எவ்வளவு, விளக்குக்கு நெய் எப்படி வந்தது, ஊர்ப்பெயர்கள் என்னென்ன என்று தெரிந்துகொள்ளப் படிக்கிறோம். பட்டியல் போட வைத்தவரின் நோக்கம் ஒரு காலத்தோடு முடிந்துவிடுகிறது. பட்டியலைக் கவனமாகப் போட்டவரின் கவனம் மட்டும் மிஞ்சுகிறது. ட்ரைப்பிடம் எனக்குப் பிடித்தது அந்தக் கவனம்.

அவர் கதையைப் போன தடவை சுருக்கமாகத்தான் சொன்னேன். இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822இல் பிறந்தவர். பதினாறு பதினேழு வயதில் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை மாகாணத்தின் 12ஆம் காலாட்படைக்கு வந்தார். 1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் படக்கலை பழகினார். அன்றைக்கு அது பிறந்து பத்துப் பன்னிரண்டு வருடமே ஆன கலை. முப்பது வயதில், வேறு வேலையில் இருக்கும் ஒருவர், ஓய்வில் கற்றுக்கொண்ட வித்தை. 1854இல் பெங்களூருக்குத் திரும்பி வந்ததும் ஹளேபீடு, பேலூர், சிரவணபெளகொள என்று கிளம்பிவிட்டார். யாரும் அனுப்பவில்லை, தன் ஆசையில் போனார். அந்தப் படங்கள் 1855இல் சென்னையில் நடந்த பெரிய பொருட்காட்சியில் பரிசு வாங்கின. அரசின் கண்ணில் பட்டார்.

அதே வருடம் பர்மாவுக்குத் தூதுக்குழு ஒன்று போனது. இரண்டாம் பர்மியப் போரில் கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொண்ட பிறகு மின்டோன் மன்னரிடம் பேசப் போன குழு அது. ட்ரைப் அதன் படக்காரர். மழை, நோய், நாள் போதாமை எல்லாவற்றையும் மீறி 200க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அவற்றில் 120ஐத் தேர்ந்து தொகுப்பாக்கினார். இதில் என் மனதை உலுக்குவது அமரபுரம். அன்றைய தலைநகரம் அதுதான். அவர் எடுத்து இரண்டே வருடத்தில் மன்னர் தலைநகரை மாண்டலேவுக்கு மாற்ற முடிவெடுத்தார். மரத்தால் ஆன அரண்மனைக் கட்டடங்களைப் பிரித்து யானைகளின் உதவியோடு புது ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு தலைநகரம் எழுந்து நடந்து போய்விட்டது. அது நின்றிருந்த இடத்தில் எப்படி நின்றது என்பதற்கு ட்ரைப்பின் காகிதங்கள் சாட்சி. எடுக்கும்போது இது போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

மதுரையிலும் அப்படித்தான். திருமலை நாயக்கர் அரண்மனையை இன்று பார்க்கிறவர்கள், நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோது, அதாவது 1866க்குப் பிறகு, பழுதுபார்த்துத் தூக்கி நிறுத்திய அரண்மனையைப் பார்க்கிறார்கள். அதற்கு முன்பு அது எவ்வளவு சிதைந்திருந்தது, எந்தத் தூணின் சுதை எதுவரை உதிர்ந்திருந்தது என்று கேட்டால் 1858ஆம் வருடப் படங்களைத்தான் பார்க்க வேண்டும். பொற்றாமரைக் குளம், புதுமண்டபம், தெப்பக்குளம், ஊருக்கு வெளியே யானைமலை எல்லாம் எடுத்திருக்கிறார். அழகான இடங்களோடு நிற்கவில்லை. ஆட்சியராக இருந்த பிளாக்பர்னின் நினைவுக்கு வைத்த விளக்குத்தூணைக்கூட விடவில்லை. இன்றைக்கு நாம் ‘விளக்குத்தூண்’ என்று பேருந்து நிறுத்தத்துக்குப் பெயர் சொல்கிறோமே, அதேதான்.

1856இல் அவர் சென்னை மாகாண அரசின் படக்காரராக நியமிக்கப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று அந்தப் பெரிய பயணம் 1857 கடைசியில் தொடங்கி அடுத்த வருடத்துக்குள் நீண்டது. மாட்டுவண்டிகளில் கேமரா, ரசாயனக் குப்பிகள், காகிதக் கட்டுகள். அன்றைக்கு நாகரிகமாக வந்துகொண்டிருந்தது கண்ணாடித் தகட்டு முறை. ஆனால் அதில் பூசிய பசை காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்தப் பசை எவ்வளவு சீக்கிரம் காய்ந்துவிடும் என்று யோசித்துப் பாருங்கள். ட்ரைப் பெரும்பாலும் நம்பியது மெழுகேற்றிய காகிதத்தை. ஒரு நெகட்டிவ் ஏறக்குறைய ஒரு அடி உயரம், ஒன்றேகால் அடி அகலம். அன்று பெரிதாக்கும் வசதி கிடையாது. படம் எந்த அளவில் வேண்டுமோ அந்த அளவுக்கு நெகட்டிவ் வேண்டும், நெகட்டிவ் அளவுக்குக் கேமரா வேண்டும். கட்டடம் சாயாமல் எடுக்க உதவும் டில்ட்-ஷிப்ட் லென்ஸோடு ஒரே பையில் போய் வருகிற உங்களுக்கு இந்த எடை புரியும்.

இப்போது அந்தச் சுவருக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த ஒரு வேலையில்தான் இந்தத் தொழில் முழுவதும் இருக்கிறது.

பெரிய கோயிலுக்குக் கேமராவோடு போகிற யாரும் முதலில் விமானத்தைத்தான் எடுப்பார்கள். ட்ரைப்பும் எடுத்தார். 200 அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிற ஒன்றைச் சாயாமல், கூம்பாமல் எடுப்பதே ஒரு சவால். அதை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கலாம். அவர் குனிந்து அடித்தளத்தைப் பார்த்தார். சுற்றிவரக் கல்லில் எழுத்து. அதை எடுப்பதற்குச் சுவருக்கு நேராக, ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் கேமராவை வைத்து, ஒன்றை எடுத்ததும் அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி அடுத்ததை எடுக்க வேண்டும். கொஞ்சம் கோணம் மாறினாலும் வரிகள் ஒட்டாது. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் வெயில் நகர்ந்துவிடும். ஆழமில்லாத எழுத்து நிழலில் தட்டையாகிவிடும், நேர் வெயிலில் வெளுத்துவிடும். பக்கவாட்டு வெளிச்சம் எழுத்தின் விளிம்பைத் தொடுகிற கொஞ்ச நேரம்தான் அது படிக்கிற மாதிரி தெரியும். இப்படி 21 தடவை. ஒட்டியபோது 19 அடிக்கு மேல் நீளம் வந்தது.

அந்த எழுத்தைப் படிக்கும் பயிற்சி ட்ரைப்புக்குக் கிடையாது. அவர் படைவீரர், கல்வெட்டறிஞர் அல்ல. அன்றைக்கு இந்த ஊரிலேயே அதைப் படிக்கக் கூடியவர்கள் மிகக் கொஞ்சம். பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்பதிலேயே அப்போது குழப்பம் இருந்தது. ஜெர்மானியரான ஹுல்ட்ஷ் 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்து, இந்தக் கல்வெட்டுகளைப் படித்து, இது ராஜராஜன் எடுத்த கோயில் என்று உறுதிசெய்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக அவை 1891 முதல் அச்சில் வரத் தொடங்கின. ட்ரைப் எடுத்து முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து. ஹுல்ட்ஷ் படித்தது கல்லைப் பார்த்துத்தான், ட்ரைப்பின் படத்தைப் பார்த்து அல்ல. ஆகவே அவர் படம் இல்லாவிட்டால் ராஜராஜனே தெரிந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வருவது வேறு. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்தவர் ஒருவர் வருவார், அவருக்கு ஒரு வரி கூடக் குறையக் கூடாது என்று நினைக்கிற மனசு. தனக்குப் புரிந்ததையும் பிடித்ததையும் மட்டும் எடுக்கிறவர்கள் நிறையப் பேர். தனக்குப் புரியாததை இவ்வளவு மரியாதையாக எடுத்தவர்கள் குறைவு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. போன கட்டுரையில் எழுத மனம் வரவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

என் அம்மாவின் ஊரில் சின்னதாக ஒரு சிவன் கோயில். 1994இல் என் அக்காள் மகளுக்குக் காதுகுத்து அங்கேதான் நடந்தது. இரவல் கேமராவோடு போனேன். 36 படம் எடுக்கிற பிலிம் ரோல் ஒன்று. எல்லாவற்றையும் உறவுக்காரர்கள் மேலேயே தீர்த்துவிட்டு வந்தேன். கருவறையின் தென்புறச் சுவரில் எழுத்துகள் இருந்தன. சின்ன வயதில் அதன் மேல் விரலை ஓட்டி விளையாடியிருக்கிறேன். அது எப்போதும் அங்கே இருந்தது, இருக்கும், அதை எடுக்க என்ன அவசரம்? சில வருடம் கழித்துத் திருப்பணி வந்தது. கல் பளிச்சென்று ஆகட்டும் என்று மணலை அழுத்தத்தோடு வீசி அடித்துச் சுத்தம் செய்தார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. சாமிக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் ஊரே காசு போட்டது. குடமுழுக்குக்குப் போனபோது தென்புறச் சுவர் அரிசி மாவு மாதிரி இருந்தது. விரலை ஓட்டிப் பார்த்தேன். வழுவழுவென்று போனது.

வீட்டுக்கு வந்து பழைய ஆல்பத்தைத் தேடினேன். 36 படங்களில் ஒன்றே ஒன்றில், என் மாமா குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிற படத்தில், பின்னால் ஐந்து வரி தெரிகிறது. அதுவும் குவியம் தப்பி. கல்வெட்டு படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவர் இரண்டு நாள் வைத்திருந்து, ‘நந்தா விளக்கு’ என்பதையும் ‘சாவா மூவாப் பேராடு’ என்பதையும் எடுத்துக் கொடுத்தார். அணையாத விளக்கு ஒன்றுக்கு யாரோ ஆடு விட்டிருக்கிறார்கள். எத்தனை ஆடு என்ற இடத்தை மாமாவின் தோள் மறைக்கிறது. யார் கொடுத்தது என்பது பிரேமுக்கு வெளியே போய்விட்டது. அச்சில் வந்த பட்டியல்களில் அந்த ஊர்ப் பெயரைத் தேடிப் பார்த்தார். இல்லை. ஒரு அடி இடதுபக்கம் தள்ளி நின்றிருந்தால் கிடைத்திருக்கும்.

அதனால் ட்ரைப்பின் 19 அடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு அடி ஞாபகம் வருகிறது.

சரி, மனிதர்கள் இல்லாததற்கு வருகிறேன். இதற்குப் பாதி விடை ரசாயனம். அந்தக் காகிதத்துக்கு வெளிச்சம் மெதுவாகத்தான் உறைக்கும். கேமராவின் வாய் திறந்திருக்கிற நேரத்தில் நடந்து போகிறவர் காகிதத்தில் பதியவே மாட்டார், அல்லது புகை மாதிரி இழுபடுவார். ஆகவே அந்த மண்டபங்கள் காலியாக இருந்தன என்று அந்தப் படங்களை வைத்து யாரும் சொல்ல முடியாது. கல் மட்டும்தான் அசையாமல் இருந்தது, கல் மட்டும்தான் பதிந்தது. மீதிப் பாதி விடை நீங்கள் சொன்னதுதான். அவருக்கு வேண்டியது கட்டடம். ஒரு ஆளை நிற்கச் சொல்லி எடுத்திருக்கலாம், சில இடங்களில் அப்படியும் செய்திருக்கிறார். ஆனால் கோயிலில் விளக்கேற்றுகிறவரும் பூக்கட்டுகிறவரும் அவர் அக்கறைக்குள் வரவில்லை. இது ஒரு குறை. அந்தக் குறையை அவர் படத்தை வைத்தே நாம் உணர முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். புதுமண்டபத்துப் பக்கவழியை எடுத்த படத்தில் தூண்கள் வரிசையாக உள்ளே போகின்றன, தரை தேய்ந்து கிடக்கிறது. அத்தனை தேய்ப்பும் மனிதக் கால்கள் செய்தது. அதை அவர் மழுப்பவில்லை.

இதுதான் மேகத்துக்கும் பதில். அன்றைய ரசாயனத்துக்கு நீல நிறம் வெள்ளை மாதிரி. கோபுரத்தைச் சரியாக எடுத்தால் வானம் வெறும் வெள்ளைத்தாளாகிவிடும், கறை படிந்த வெள்ளைத்தாளாக. அதைச் சரிசெய்ய நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டினார். மரங்களின் இலைக்கூட்டத்தையும் சில இடங்களில் தொட்டிருக்கிறார். பார்க்கிறவர் கண்ணுக்கு வானம் வானமாகத் தெரிய வேண்டும் என்கிற ஆசை. எனக்கு அது பிடிக்கிறதா என்றால், வரைந்த மேகம் சில படங்களில் மிக அழகு, சிலவற்றில் வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உதிர்ந்த சுதையை அவர் முழுமையாக்கவில்லை. விரிசலை மூடவில்லை. கோபுரத்தில் முளைத்த செடியைப் பிடுங்கிவிடவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் கைவைத்தார், கட்டடத்தின் மேல் கைவைக்கவில்லை. உங்களைச் சுவரில் உள்ள கறையை எடுக்கச் சொல்கிறார்களே, வானத்தை மாற்றுவதும் அதுவும் ஒன்றல்ல. வானம் நாளைக்கு எப்படியும் மாறிவிடும். கறை அந்தச் சுவரின் வயது.

அவர் வாழ்க்கை எப்படி முடிந்தது என்பதை நீங்கள் கேட்கவில்லை. உங்கள் கடைசிக் கேள்வியில் அதுவும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1859இல் சார்லஸ் ட்ரெவெல்யன் சென்னைக்கு ஆளுநராக வந்தார். கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா காலி. அரசு படக்காரர் ஒருவரை வைத்திருப்பது நம் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று சொல்லி அந்தப் பிரிவையே மூடச் சொன்னார். 1860க்குள் எல்லாம் முடிந்தது. ட்ரைப்புக்கு அப்போது வயது 38. அதற்குப் பிறகு அவர் ஏறக்குறைய கேமராவைத் தொடவே இல்லை. பத்து வருடம் கழித்துப் பர்மாவில் இருந்தபோது எடுத்த கொஞ்சம் படங்களைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் கிடையாது. படை வேலைக்குத் திரும்பினார், ஓய்வு பெற்று ஊருக்குப் போனார், 1902இல் பிறந்த டெவன்போர்ட்டிலேயே இறந்தார். எண்பது வருட வாழ்க்கையில் முக்கியமான படங்கள் அத்தனையும் ஆறு ஏழு வருடத்துக்குள் எடுத்தவை. அவருக்கென்று ஒரு முழுமையான பெரிய கண்காட்சி வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று நடந்தது 2014-15இல்தான். 112 வருடம் தாமதமாக.

அவருக்கு மட்டும் நடந்ததல்ல இது. 1851இல் பிரெஞ்சு அரசு ஐந்து படக்காரர்களை நாடு முழுக்க அனுப்பிப் பழைய கட்டடங்களை எடுக்கச் சொன்னது. மெழுகுக் காகித முறையைக் கண்டுபிடித்த குஸ்தாவ் லெ க்ரே அதில் ஒருவர். எடுத்து வந்த நெகட்டிவ்களை வெளியிடாமல் அரசு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. கட்டடங்களைப் படமெடுக்கிறவர்களை வேண்டும் என்று கூப்பிடுவதும், போதும் என்று நிறுத்துவதும் எப்போதும் வேறு யாரோதான். உங்களைக் கூப்பிடுகிறவர்களும் அப்படித்தான். அதனால் அவர்கள் கேட்பதை வைத்து உங்கள் தொழிலின் மதிப்பை எடை போடாதீர்கள் என்று உங்களிடம் மன்றாடத் தோன்றுகிறது. ஆளுநருக்கு ட்ரைப்பின் படங்கள் செலவுக் கணக்கில் ஒரு வரி.

ஆயுளைச் செலவிட இதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. கட்டடம் நம்மை விட அதிக நாள் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. அமரபுரம் சில வருடத்தில் போனது. என் அம்மா ஊர்ச் சுவர் ஒரு வாரத்தில் போனது. இடிக்காமலேயே கட்டடங்கள் போய்விடுகின்றன. டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து, திண்ணையை உடைத்துக் கடை கட்டி, முற்றத்துக்கு மேல் தகரம் போட்டு, ஒவ்வொரு துண்டாகப் போகின்றன. கடைசியாக நேராக நின்று பார்த்த ஆள் பெரும்பாலும் ஒரு படக்காரராகத்தான் இருக்கிறார்.

உங்களுக்கு யோசனை சொல்கிற தகுதி எனக்குக் கிடையாது, நான் எழுதுகிறவன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கூலிக்குப் போகிற ஒவ்வொரு கட்டடத்திலும் அவர்கள் கேட்டதை முழு மனதோடு எடுத்துக் கொடுத்துவிட்டு, கிளம்புவதற்கு முன் அரைமணி நேரம் உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அழகாகப் படாததை எடுங்கள். மின்சாரப் பெட்டி, படிக்கட்டின் அடிப்பக்கம், சுவரும் தரையும் சேருகிற மூலை, கட்டுகிறவர்கள் கரியால் கணக்குப் போட்ட பூசாத சுவர். தேதி, திசை, மணி எழுதி வையுங்கள். ரீடச் செய்யாதீர்கள். குடிவந்து ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் இன்னொரு தடவை போய் அதே இடத்தில் நின்று எடுங்கள். அப்போது சுவரில் குழந்தையின் கிறுக்கல் இருக்கும், கதவுப்பிடிக்குப் பக்கத்தில் கைரேகை இருக்கும். ட்ரைப்பின் படத்தில் இல்லை என்று நீங்கள் வருத்தப்பட்ட மனிதர்கள் அங்கே இருப்பார்கள், நேரில் நிற்காவிட்டாலும்.

அப்புறம், நீங்கள் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். ட்ரைப்பின் அந்த 21 படத் தொகுப்பு அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் பார்க்கக் கிடைக்கிறது. அதில் ஏதாவது ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, விமானத்தின் அடித்தளத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். கல்லின் இணைப்புக் கோடுகளை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும். வெயில் பக்கவாட்டில் விழுகிற நேரமாகப் பார்த்து, அவர் நின்றிருக்கக்கூடிய தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இந்த 160 சொச்ச வருடத்தில் எந்தெந்த எழுத்து உதிர்ந்திருக்கிறது என்று பார்ப்போம். என் நண்பரையும் கூப்பிடுகிறேன், அவர் படித்துச் சொல்வார்.

அன்புடன்.